பாயிரம் பாடுவோரும் அவை நடுவரும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழா ஆய்வரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



மாணவர்கள் தாமே நடத்தும் ஆய்விதழ்களில் நடுவுநிலையைக் காப்பது எவ்வாறு என்பது இவ்வுரைக்குரிய பொருள். கவிஞர்கள் கூடிய அவையில் ஆய்விதழ் பற்றிய பேச்சு எதற்கு என்னும் ஐயம் எழலாம். எழுதி வந்த ஒன்றை ஏற்பதா விலக்குவதா என முடிவு செய்யும் பொறுப்பு ஆய்விதழுக்கும் உண்டு. கவிதைத் தொகுப்புக்கும் உண்டு. முடிவு செய்பவரும் எழுதியவரும் உறவுடையவராக இருந்தால் யாது செய்வது என்னும் வினாவும் இரண்டுக்கும் பொதுவானதே.

இவ்வினா சென்னையின் தென்பகுதியில் கூடுதல் கூர்மை பெறுகின்றது. மெரினாக் கடற்கரையை நோக்கி 1840-இல் தோன்றிய மாநிலக் கல்லூரியும், 1857-இல் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகமும், 1914-இல் தோன்றிய இராணி மேரிக் கல்லூரியும் நிற்கின்றன. மயிலாப்பூரில் 1946 முதல் விவேகானந்தா கல்லூரி உள்ளது. அடையாற்றைக் கடந்தால் பெசன்ட் நகரில் 1943-இல் நிறுவப்பெற்ற உ.வே.சாமிநாதையர் நூலகமும், அதற்கும் தெற்கே தரமணியில் 1970-இல் தோன்றிய உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இருக்கின்றன. நகரப் பேருந்தில் ஒரு நாளில் சுற்றி வந்துவிடத்தக்க இவ்வெல்லைக்குள் தமிழாய்வு என்பது ஏறத்தாழ ஒரு குடும்பம். ஒருவருக்கு ஆசிரியர் மற்றொருவருக்குத் தேர்வாளர். ஒருவருடன் பயின்றவர் மற்றொருவருக்கு நெறியாளர். உறவில்லாத ஒருவரைத் தேடிப் பிடிப்பதே இங்கு அரிது.

நடுவராக இருந்து முடிவு சொல்ல வேண்டிய ஒருவர்க்கு, அம்முடிவால் தமக்கே ஆதாயமோ இழப்போ நேரும் நிலையை நலன்முரண் என்று குறிக்கலாம். நலன்முரண் உடையவர் தீயவர் என்பது பொருளன்று. அவர் நேர்மையாளராகவே இருக்கக்கூடும். ஆயினும் அவருடைய நேர்மையை அறிந்துகொள்ளப் பிறர்க்கு வழியில்லாமற் போகின்றது. இடர்ப்பாடு அங்கேதான் தொடங்குகின்றது.

நன்னூல் காட்டும் வரையறை

இச்சிக்கலைத் தமிழ்மரபு புதிதாகச் சந்திக்கவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரப் பகுதி இதனை நேரடியாகவே எடுத்துக்கொள்கின்றது. எத்துணைச் சிறந்த நூலை இயற்றினும் ஆசிரியன் தன்னைத் தானே புகழ்ந்துகொள்ளுதல் தகாது என்பது அதன் விதி. அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதாரிடத்தும், அவையில் வாதில் வெல்ல வேண்டிய போதும், மாற்றான் தன்னைப் பழித்த போதும் மட்டுமே அதற்கு விலக்குண்டு. அவ்வாறாயின் நூலின் சிறப்பை எடுத்துரைப்பவர் யார்? நூலாசிரியனுக்கு ஆசிரியனானவன், அவனோடு ஒருங்கு கற்றவன், அவனுடைய மாணாக்கன், நூலுக்குத் தகுந்த உரைகாரன் ஆகிய நால்வரையும் நன்னூல் சுட்டுகின்றது.

இப்பட்டியலை இற்றைநாள் ஆய்விதழ் ஆசிரியர் ஒருவரிடம் காட்டினால் அவர் திடுக்கிடக்கூடும். மதிப்பீடு செய்ய எவரெவரை அழைத்தல் ஆகாது என்று இன்றைய இதழ்நெறி கூறுகின்றதோ, அவர்களில் முதல் மூவரும் இதில் இடம் பெற்றுவிட்டனர். நன்னூலார் நெறி பிறழ்ந்தார் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. பாயிரம் தீர்ப்பன்று, அறிமுகம். நூலையும் ஆசிரியனையும் அணுக்கமாக அறிந்தவரே அதனைச் செய்ய இயலும். அணுக்கம் அங்கே தகுதியாகின்றது. இன்னார்க்கு இன்னார் பாயிரம் பாடினார் என்பது வெளிப்படையாகத் தெரிவதால், படிப்பவர் அப்புகழ்ச்சியை அதற்குரிய அளவில் எடுத்துக்கொள்கின்றார்.

சிறப்புப்பாயிரம் கூற வேண்டியவற்றையும் நன்னூல் வகுத்துள்ளது. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் எட்டும், காலம், களம், காரணம் என்னும் மூன்றும் அவை. யாரால், எதனை முதலாகக் கொண்டு, யார் பொருட்டு, எந்த அவையில், எக்காரணத்தால் நூல் எழுந்தது என்பதை முதற்பக்கத்திலேயே கூறிவிடுதல் என்பது இதன் கருத்து. நன்னூலின் சிறப்புப்பாயிரமே நூலைச் செய்வித்தவன் சீயகங்கன் என்பதை மறைக்காமல் மொழிகின்றது. புரவலன் பெயரை வெளியிடுவது நன்றியறிதல் மட்டுமன்று. கற்பவர்க்கு அளிக்கும் தகவலும் ஆகும்.

இரு நடுவர்கள்

பாயிரத்துக்கு உறவு தடையன்று. அரங்கேற்றத்துக்கு வேண்டுவது வேறு. இதனை இரண்டு தொன்மங்கள் காட்டுகின்றன. இவற்றை வரலாறாகக் கொள்ள வேண்டுவதில்லை. புலமையுலகம் தனக்கு வகுத்துக்கொண்ட நெறிகளாகக் கொள்வதே போதுமானது.

முதலாவது இறையனார் களவியல் உரை கூறும் செய்தி. இறையனார் அருளிய அகப்பொருள் நூலுக்குச் சங்கப் புலவர் நாற்பத்தொன்பதின்மரும் தனித்தனியே உரை கண்டனர். எவ்வுரை மெய்யுரை என்று துணிய வேண்டியிருந்தது. நாற்பத்தொன்பதின்மரும் உரையாசிரியராதலின் அவருள் ஒருவரும் நடுவராதற்கு இல்லை. பாண்டியனிடம் காரணிகன் ஒருவனைத் தரும்படி கேட்டனர், அவனாலும் இயலவில்லை. முடிவில் உப்பூரிகுடி கிழார் மகன் உருத்திரசன்மன் என்னும் ஐந்து வயதுச் சிறுவன், வாய்பேசாதவன், நடுவனாக அமர்த்தப்பட்டான். மருதனிளநாகனார் உரை கேட்டபோது சில இடங்களில் கண்ணீர் உகுத்தான். நக்கீரர் உரை கேட்டபோது சொல்தோறும் கண்ணீர் உகுத்தான். அதுவே தீர்ப்பாயிற்று.

ஐந்து வயதினன் ஆதலின் அவனுக்கு ஆசிரியர் கடன் இல்லை. உடன் பயின்றோர் இல்லை. பெற வேண்டிய பதவி இல்லை. வாய் பேசாதவன் ஆதலின் பேரம் பேசவும் முடியாது. தீர்ப்பால் எதையும் அடையாதவனையும் எதையும் இழக்காதவனையும் தேடிய புலவர்கள், அத்தகையவனை அரசவையிலும் சங்கத்திலும் காணவில்லை, குழந்தையிடத்திலேயே கண்டனர். நலன்முரண் எவ்வளவு ஆழமானது என்பதை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

இரண்டாவது தொல்காப்பிய அரங்கேற்றம். சிறப்புப்பாயிரம் பாடிய பனம்பாரனார் தொல்காப்பியரோடு ஒருசாலை மாணாக்கர் என்பது உரைமரபு. அதங்கோட்டாசான் முன்னிலையில், நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் நூல் அரங்கேறியது என்று அப்பாயிரம் களத்தையும் நடுவரையும் பெயர் சுட்டிக் கூறுகின்றது. இங்கும் நடுவர் உறவற்றவர் அல்லர். அதங்கோட்டாசானும் அகத்தியர் மாணாக்கர் பன்னிருவருள் ஒருவர் என மரபு கூறும். அவர் நிலை இன்னும் இக்கட்டானது. அகத்தியர்க்கும் தொல்காப்பியர்க்கும் மனவேறுபாடு நேர்ந்ததென்றும், தொல்காப்பியன் நூலைக் கேளாதே என அகத்தியர் அதங்கோட்டாசானைத் தடுத்தாரென்றும் நச்சினார்க்கினியர் எழுதுகின்றார். ஒருபுறம் ஆசிரியர் ஆணை. மறுபுறம் உடன் பயின்றவரின் வேண்டுகோள். அவர் நூலை அவையிலே கேட்டார். குற்றங்களை அவையிலேயே எழுப்பினார். தொல்காப்பியர் அவையிலேயே விடை இறுத்தார்.

உருத்திரசன்மன் உறவே இல்லாத நடுவன். அதங்கோட்டாசான் உறவு நிறைந்த நடுவர். முன்னவனைப் போன்றோர் கிடைத்தால் அவரே சிறந்தவர். கிடைக்காத இடத்தில் பின்னவர் வழி ஒன்றே எஞ்சுகின்றது. உறவை எல்லாரும் அறிய வேண்டும். தடையும் விடையும் அவையில் நிகழ வேண்டும். களத்தின் பெயரும் நடுவர் பெயரும் பாயிரத்தில் எழுதப்பட வேண்டும்.

இவ்வழி அண்மைக் காலத்திலும் நடந்துள்ளது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கர் தியாகராச செட்டியார் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் பணியினின்று விலகியபோது, தம் ஆசிரியரின் மற்றொரு மாணாக்கரான உ.வே.சாமிநாதையரை அவ்விடத்துக்குப் பரிந்துரைத்தார். ஒருசாலை மாணாக்கர் பரிந்துரை என்பது அனைவரும் அறிந்ததே. கல்லூரியில் மற்ற ஆசிரியர் முன்னிலையில் சாமிநாதையருடைய புலமை சோதிக்கப்பட்டது. அதன்பின் 1880-இல் அவர் பணியமர்ந்தார். பிற்காலத்தில் திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த இல்லத்துக்குத் தியாகராச விலாசம் என்று பெயரிட்டு அந்நன்றியை வாயிலிலேயே எழுதி வைத்தார். பரிந்துரைத்தவர் அன்பினால் செய்தார். பணி கிடைத்தது சோதனைக்குப் பின்னர். இரண்டும் கலக்கவில்லை.

மாணவர் இதழின் தனி இக்கட்டு

முன்னாளில் கல்லூரி மாணவர் கையெழுத்து இதழ் நடத்தினர்; பின்னர் உருட்டச்சில் படியெடுத்தனர்; இன்று கணினியில் கோத்து இணையத்தில் ஏற்றுகின்றனர். கவிதையும் சிறுகதையும் மட்டுமே வந்த காலத்தில் ஓர் இதழ் ஒருவருடைய படைப்பை விலக்கினால் வருத்தம் மட்டுமே மிஞ்சும். ஆய்விதழின் நிலை வேறு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு விதிகள், முனைவர் பட்ட ஆய்வேட்டை அளிக்குமுன் தகுதிவாய்ந்த ஆய்விதழில் ஒரு கட்டுரையேனும் வெளிவந்திருக்க வேண்டும் என்றன. 2016-ஆம் ஆண்டு விதிகளும் அதனை வலியுறுத்தின. 2010-இல் வந்த விதிகள் ஆசிரியர் நியமனத்திலும் பதவி உயர்விலும் கட்டுரைகளுக்கு மதிப்பெண் வகுத்தன. கட்டுரை அச்சேறுவது பட்டத்துக்கும் ஊதியத்துக்கும் வாயிலாயிற்று. வாயில் குறுகினால் வாயிற்காப்போன் வலிமை பெறுவான். அவ்விடத்தில் மாணவரும் அமர்ந்திருந்தார்.

அந்த மாணவருடைய நிலையைச் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டும். ஆய்வு மாணவி ஒருவர் துறையின் இதழுக்கு ஆசிரியராக இருக்கின்றார் என்று கொள்வோம். அவருடைய நெறியாளரின் கட்டுரை இதழுக்கு வருகின்றது. கட்டுரை நன்றாக இல்லை. அதனை மறுப்பதற்கு அவருக்கு முழு உரிமை உண்டு என்று இதழின் விதி சொல்லும். ஆனால் அவருடைய ஆய்வேட்டில் கையெழுத்திட வேண்டியவர் அந்நெறியாளர். வாய்மொழித் தேர்வுக்கு வழிவிட வேண்டியவரும் அவரே. நாளை வேலைக்குப் பரிந்துரை எழுத வேண்டியவரும் அவரே. இத்தகைய இடத்தில் உரிமை தாளில் மட்டுமே உள்ளது. அம்மாணவியைக் கோழை என்று பழிப்பது எளிது. அவ்விடத்தில் அவரை அமர்த்திய அமைப்பே பழிக்கத்தக்கது.

மறுபக்கமும் உண்டு. அதே இதழுக்கு வெளியூர்க் கல்லூரி ஒன்றிலிருந்து, இங்கு எவரையும் அறியாத ஒரு மாணவர் கட்டுரை அனுப்பியிருப்பார். இதழில் இடம் அளவானது. நெறியாளர் கட்டுரையும், இதழ்க்குழு உறுப்பினர் நால்வரின் கட்டுரைகளும், விடுதித் தோழர் கட்டுரையும் ஏறிய பின்னர் அவருக்கு இடமில்லை. இடமின்மை என்னும் ஒரு சொல்லில் மறுப்பு முடிந்துவிடும். தம் கட்டுரை எதனால் விலக்கப்பட்டது என்பதை அவர் அறியமாட்டார். தம் எழுத்தே குறையுடையது என்று நம்பி ஓராண்டை இழப்பார். நலன்முரணால் உண்மையில் இழப்பவர் அவையில் இல்லாத இம்மாணவரே. அதனால்தான் அவ்விழப்பு எவர் கண்ணிலும் படுவதில்லை.

ஆய்வேட்டை மதிப்பிட அந்நிறுவனத்தைச் சாராத புறத்தேர்வாளர் இருவரேனும் வேண்டும் என்பது 2016, 2022 ஆகிய இரு ஆண்டு விதிகளிலும் உண்டு. அவ்வேட்டிலிருந்து எடுத்த ஒரு கட்டுரையைத் துறைக்குள்ளேயே, அறைத் தோழர்களே மதிப்பிட்டு அச்சிடுவதைத் தடுக்கும் ஏற்பாடு மாணவர் இதழ்களில் பெரும்பாலும் இல்லை.

பணம் சார்ந்த முரணும் உண்டு. கருத்தரங்கம் நடத்திப் பதிவுக் கட்டணம் பெற்று, வந்த கட்டுரைகளையெல்லாம் தொகுப்பாக்கும் வழக்கம் தமிழ்த்துறைகளில் பரவியுள்ளது. கட்டணம் பெற்றவர் கட்டுரையை மறுக்க மனம் வராது. தியாகராய நகரிலோ இராயப்பேட்டையிலோ உள்ள ஒரு பதிப்பகம் இதழுக்கு விளம்பரம் தந்து, அதே பதிப்பகத்தின் நூல் அதே இதழில் மதிப்புரைக்கு வருமாயின், மதிப்புரையாளர் கை தயங்கும். தொகை சிறிதாயினும் மாணவர் இதழுக்கு அச்சுக்கூலி அதனால்தான் நிறைகின்றது.

பிற நாட்டு வழக்கம்

மாணவர்களே முழுப்பொறுப்பேற்று ஆய்விதழ் நடத்தும் மரபு அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் வேரூன்றியது. 1887-இல் தொடங்கிய ஹார்வர்டு சட்ட இதழை இன்றும் மாணவர்களே பதிப்பிக்கின்றனர். பேராசிரியரின் கட்டுரையை ஏற்பதும் மறுப்பதும் மாணவர் கையில் உள்ளது. எழுதியவர் பெயரையும் பல்கலைக்கழகத்தையும் பார்த்து முடிவு செய்கின்றனர் என்னும் குறை அத்தகைய இதழ்கள் மீது நெடுங்காலமாகக் கூறப்படுகின்றது. பெயர் மறைத்துப் படிக்கும் வழக்கத்தைப் பல இதழ்கள் கைக்கொண்டது அதன் விளைவே. ஹார்வர்டு இதழில் மாணவர் எழுதும் குறிப்புகள் எழுதியவர் பெயரின்றியே வெளியாகின்றன. ஒவ்வொரு குறிப்பிலும் பலர் கைபடுகின்றது என்பது அதற்குக் கூறப்படும் காரணம். தம் இதழில் தம் பெயரை ஏற்றிக்கொள்ளும் ஆசைக்கும் அது ஓர் அணையாகின்றது.

மருத்துவ இதழ்கள் வேறு வழியில் சென்றன. மருந்து நிறுவனங்களின் பணம் ஆய்வைச் சாய்க்கும் என்னும் அச்சத்தால், நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் 1984-இல் கட்டுரையாளர் தம் பணத் தொடர்புகளைத் தெரிவிக்க வேண்டும் என்றது. 1997-இல் பிரித்தானியாவில் இதழாசிரியர் சிலர் கூடிப் பதிப்புநெறிக் குழு ஒன்றை அமைத்தனர். தமக்குத் தொடர்புள்ள கட்டுரையை இதழாசிரியர் தாமே கையாளாமல் வேறொருவரிடம் ஒப்படைத்து விலக வேண்டும் என்பது இன்று உலகம் ஒப்பும் வழக்கம். தொடர்பைச் சொல்லுதல், பின் விலகி நிற்றல் ஆகிய இவ்விரண்டுமே அதன் சாரம்.

செய்யத்தக்கவை

மாணவர் இதழ் ஒன்று இன்றே கைக்கொள்ளக்கூடியவை சில உள்ளன. பெரும்பொருள் செலவு ஏதும் இவற்றுக்கு வேண்டா.

முதலாவது, ஒவ்வொரு கட்டுரையும் வந்தவுடன் இதழ்க்குழுவினர் தத்தம் தொடர்பை ஏட்டில் எழுதிவிட வேண்டும். ஆசிரியர், மாணவர், உடன் பயின்றவர், உறவினர், ஒரே நூலை இணைந்து எழுதியவர், வழக்காடிப் பிரிந்தவர் ஆகிய அனைவரும் இதில் அடங்குவர். பகையும் உறவைப் போலவே கண்ணை மறைக்கும். தொடர்புடையவர் அக்கட்டுரை பற்றிய பேச்சின்போது அறையில் இருத்தல் கூடாது. அவர் வெளியேறியதும் ஏட்டில் பதிவாக வேண்டும்.

இரண்டாவது, நெறியாளர் கட்டுரையை அவர்தம் மாணவர் மதிப்பிடுதல் எந்நிலையிலும் ஆகாது. அதனை வேறொரு கல்லூரியின் மாணவர் இதழுக்கு அனுப்பிவிடலாம். கடற்கரைக் கல்லூரியின் இதழும் அடையாற்றுக் கல்லூரியின் இதழும் தம்முள் இவ்வாறு ஓர் உடன்பாடு செய்துகொண்டால், அவற்றின் மாணவர்கள் தம் ஆசிரியரிடம் முகம் கோண வேண்டியதில்லை. மறுப்பு வெளியிலிருந்து வரும், மாணவர் காக்கப்படுவார்.

மூன்றாவது, பெயரை மறைப்பதோடு நில்லாமல் தடயங்களையும் மறைக்க வேண்டும். சிறிய உலகத்தில் நடையே எழுதியவரைக் காட்டிக்கொடுக்கும். அடிக்குறிப்பில் என் நெறியாளர் என்றோ எனது முந்தைய கட்டுரையில் என்றோ வரும் சொற்கள் இன்னும் காட்டிக்கொடுக்கும். அவற்றை மதிப்பீட்டாளரிடம் செல்லுமுன் நீக்குவது சிறு வேலை. ஆயினும் இதனை மட்டும் நம்பியிருத்தல் கூடாது.

நான்காவது, இதழ்க்குழுவில் இருப்பவர் அப்பொறுப்புள்ள ஓராண்டு தம் கட்டுரையைத் தம் இதழில் வெளியிடாமல் இருப்பது நன்று. வெளியிட்டே ஆக வேண்டுமாயின் அது புறத்தே மதிப்பிடப்பட்டது என்னும் குறிப்போடு வரட்டும்.

ஐந்தாவது, விளம்பரம் பெறுபவரும் நூல் மதிப்புரைக்கு ஆள் தேர்பவரும் வேறுவேறு மாணவராக இருக்க வேண்டும். மதிப்புரையாளர் நூலாசிரியரின் மாணவராயின் அதனை மதிப்புரையின் அடியில் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். அவ்வரி இருந்தால் அது பாயிரம். இல்லையேல் அது ஏமாற்று.

ஆறாவது, மறுப்புக் கடிதம் காரணம் சொல்ல வேண்டும். இரண்டு பத்தி போதும். அவையில் இல்லாத மாணவர்க்குத் தடையையும் விடையையும் அவையில் நிகழ்த்திக்காட்டும் வழி அது ஒன்றே.

ஒரு மறுப்பும் விடையும்

இவற்றுக்கு எதிராக வலிமையான மறுப்பு ஒன்று உண்டு. சுவடிப் பாடம், கல்வெட்டு, யாப்பிலக்கண நுட்பம் போன்ற துறைகளில் உண்மையாகத் தெரிந்தவர் மிகச் சிலரே. அவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர். பெரும்பாலும் ஒரே ஆசிரியரிடம் கற்றவர். அறிந்தவரையெல்லாம் விலக்கினால் அறியாதவர் கையில் தீர்ப்பு சென்றுவிடும். தொடர்பில்லாத அறியாமையினும் தொடர்புள்ள அறிவு மேல் அல்லவா?

இம்மறுப்பை எளிதாகத் தள்ளிவிட இயலாது. ஐந்து வயதுக் குழந்தை இலக்கண நூலை மதிப்பிடுதல் தொன்மத்தில்தான் கூடும். ஆதலின் அறிந்தவர் ஒருவரே உளர் எனின் அவரையே கேட்கலாம். ஆனால் அவர் தம் தொடர்பை முதலில் எழுதித் தர வேண்டும். அவர் கருத்தோடு தொடர்பில்லாத இன்னொருவர் கருத்தையும் பெற வேண்டும். முடிவை மூன்றாமவர் எடுக்க வேண்டும். அறிவைப் பெறுவதும் தீர்ப்பை ஒப்படைப்பதும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை உணர்ந்தால் சிறிய துறையிலும் நடுவுநிலை சாலும். அன்பு காரணமாகத் தகுதியில்லாதவரைத் தேர்தல் பேதைமையில் முடியும் எனத் தெரிந்து தெளிதல் அதிகாரத்தில் வள்ளுவர் எச்சரித்தது இதழ்க்குழுவுக்கும் பொருந்தும். அவர் அன்பு கொள்ளாதே என்று சொல்லவில்லை.

இன்று இவையெல்லாம் முன்னினும் இன்றியமையாதனவாகிவிட்டன. 2022-ஆம் ஆண்டு விதிகள் ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை வெளியிட வேண்டும் என்னும் கட்டாயத்தை நீக்கிவிட்டன. 2018-இல் மானியக் குழு அறிவித்த தரமான இதழ்களின் பட்டியல் முறையும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. இனி எவ்விதழ் நம்பத்தக்கது என்பதை அந்தந்தக் கல்வி நிறுவனமே ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டும். தில்லியிலிருந்து வரும் பட்டியல் இல்லாதபோது, ஓர் இதழின் மதிப்பு அதன் ஏட்டிலும் அதன் மறுப்புக் கடிதங்களிலும் மட்டுமே தங்கும். மாணவர் இதழ்களுக்கு இது சுமை என்று எண்ண வேண்டுவதில்லை. பெரிய பெயரில்லாத ஓர் இதழ், தூய நடைமுறையால் மட்டுமே பெரிய இதழ்களுக்கு நிகராக நிற்கக் கிடைத்த வாய்ப்பு அது.

இவ்வட்டம் போன்ற இலக்கிய அமைப்புகளுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. வட்டத்தின் தொகுப்புகளில் வட்டத்துக் கவிஞர்கள் இடம் பெறுவதில் தவறில்லை. ஒருவர்க்கொருவர் அணிந்துரை எழுதுவதிலும் தவறில்லை. அது நன்னூல் வகுத்த உரிமை. பரிசுக்குரிய கவிதையையும் தொகுப்புக்குரிய கவிதையையும் தேரும் இடத்தில் மட்டும், தம் கவிதையை அனுப்பியவரும் அவர்தம் ஆசிரியரும் மாணவரும் எழுந்து வெளியே நிற்கட்டும். பாயிரம் பாட அன்புடையோர் என்றும் கிடைப்பர். அவை நடுவர்க்கு உரிய இருக்கையை வெறுமையாகவேனும் காத்து வைக்கும் வட்டமே, முகம் அறியாத புதிய கவிஞன் ஒருவன் தன் கவிதையை நம்பி அனுப்பும் வட்டமாக இருக்கும்.